வலது சீட்டில் வந்த ஸ்தாபகர்

ஊர்களை நிறுவிய மாமனிதர்களில் சிலர் குதிரையில் வந்தார்கள். சிலர் கப்பலில் வந்தார்கள். அமெரிக்கக் காரில், ஓட்டுபவருக்குப் பக்கத்தில், வலது சீட்டில் அமர்ந்து வந்து ஓர் ஊரையே நிறுவியவர் எங்கள் மணியன் அண்ணன் ஒருவர்தான். 1991இல் அவர் வந்து இறங்கும்வரை டெக்சாஸில் சுகர் லேண்ட் என்று ஓர் ஊரே கிடையாது. அதற்கு முன்பும் அங்கே ஜனங்கள் குடியிருந்தார்களாம். இருக்கட்டுமே, அவர்களில் ஒருவர்கூட எங்கள் தமிழ்ப் பேரவையில் உறுப்பினர் இல்லை.

1999 பொங்கல் விழாவில் அண்ணனுக்கு 'சுகர் லேண்ட் ஸ்தாபகர்' பட்டம் வழங்குவதென்று செயற்குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு, செயலாளர் என்ற முறையில், இந்தக் கோபாலசாமியின் தலையில் விழுந்தது. பேனாவோடு போய் உட்கார்ந்தேன்.

"இந்த ஏரியாவை எப்படிண்ணா செலக்ட் பண்ணீங்க?"

அண்ணன் கண்ணை மூடிச் சிந்தித்தார். பிறகு கிச்சன் பக்கம் திரும்பி, "வசந்தா, நாம ஏன் இங்க வந்தோம்?" என்றார்.

"முன்ன குடியிருந்த ஹில்கிராஃப்ட் பக்கம் வாடகைய ஏத்திட்டாங்கல்ல? நான்தான் ஊரெல்லாம் டிரைவ் பண்ணிப் பாத்து இந்த வீட்டப் புடிச்சேன்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"எழுதிக்கங்க தம்பி," என்றார் அண்ணன்.

'தீர்க்கதரிசனம்' என்று எழுதிக்கொண்டேன்.

"புதுசா வர்றவங்கள எல்லாம் ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்து உங்க வீட்லயே தங்க வெச்சீங்களே, அண்ணா?"

"ஆமாங்க. ஃப்ரீவேயும் டிரைவிங்கும் நமக்கு ஒத்துக்காது. வசந்தா போயிட்டு வந்துருவா. நான் வாசல்ல நின்னு வரவேற்பேனுங்க."

'விருந்தோம்பல்.' அடிக்கோடு வேறு போட்டேன்.

அண்ணனின் மனைவி வசந்தாமணி அக்கா காபியோடு வந்தார். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவர். டிபெண்டென்ட் விசாவில் வேலைக்குப் போக வழியில்லாமல், வந்தவர் போனவருக்கெல்லாம் சமைத்துப் போட்டே எட்டு வருஷம் ஓட்டியவர்.

"தம்பி, க்ரீன் கார்டு வந்துருச்சு. ஆஸ்பத்திரி லேப்ல வேலையும் கெடச்சிருச்சு. விழா அன்னிக்குத்தான் மொத நாளு."

அண்ணன் பதறிப்போனார். "அய்யய்யோ, லீவ் சொல்லிரு! பொங்கல் யாரு வெக்கிறது?"

"மொத நாளே லீவாங்க? இதுக்குத்தான இத்தன வருஷமா காத்துக் கெடந்தேன்? நான் போகத்தான் போறேன்."

அண்ணன் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார். செயற்குழுவும் அவ்வண்ணமே எடுத்துக்கொண்டது.

விழா நாள் வந்தது. மேடை தயார், சால்வை தயார். பொங்கல் பானை காலி, ஸ்தாபகரையும் காணோம். அக்கா கூட்டிவருவார் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டிருந்தோம். அப்போது ஹாலுக்கு ஃபோன் வந்தது.

"தம்பி, வசந்தா நெஜமாவே கார எடுத்துட்டு வேலைக்குப் போயிட்டாளுங்க! நடந்து வந்தேன். எங்கியோ பெட்ரோல் போடற ஒரு கேஸ் ஸ்டேஷன்ல நிக்கறேன்."

"பக்கத்துல என்னண்ணா தெரியுது?"

"புல்லு தெரியுதுங்க. அப்புறம் ஒரு டோனட் கடை."

உடனே லேபுக்கு ஃபோன் பண்ணினேன்.

"டோனட் கடையா?" என்றார் அக்கா. "ஹாலுக்கு நேர் எதிர்ப் பக்கம் போயிருக்காரு. யாராச்சும் போய்க் கூட்டிட்டு வாங்க தம்பி."

செயற்குழு அவசரமாகக் கூடியது. பட்டத்தை அக்காவுக்கே கொடுத்துவிடலாம் என்று நான் முன்மொழிந்தேன். கேடயத்தில் பெயர் பொறித்தாயிற்று என்ற காரணத்தால் அது நிராகரிக்கப்பட்டது. விழாவை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைப்பதென்றும், அன்று பொங்கல் வைத்து, ஸ்தாபகரையும் அழைத்துவரும்படி அக்காவைக் கேட்டுக்கொள்வதென்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. மறுபடி ஃபோன் பண்ணி, தீர்மானத்தை உரிய மரியாதையோடு வாசித்தேன்.

அக்கா முழுக்கக் கேட்டார். "அது கெடக்கட்டும் தம்பி. அங்க இருக்கற உங்க எல்லாரையும் நான்தான ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்தேன்? அவரக் கூட்டிட்டு வர யாராச்சும் கெளம்பிட்டீங்களா?"

செயற்குழுவைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள். கையில் கார் சாவியோடு, அக்கா போவார் என்று காத்திருந்தார்கள்.