இமயமலையைக் காயப் போட்ட கதை

அந்த சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கொஞ்சம் மண்ணைக் காய வைக்கணும். அவ்வளவுதான்.

ஆனா அது சாதாரண மண்ணு இல்லைங்க. இமயமலை மண்ணு! மரம்கூட முளைக்காத உயரத்துல, வருஷத்துல பாதி நாள் பனிக்கு அடியில கிடக்கிற புல்வெளி மண்ணு. மூச்சு முட்ட ஏறி, தோண்டி, பையில கட்டி, கோவேறு கழுதை மேல ஏத்தி, ரயில்ல சென்னைக்குக் கொண்டு வந்தது.

நான் ஒரு ஆராய்ச்சி உதவியாளர். வடசென்னை, காலடிப்பேட்டைக்காரி. கடல் மட்டத்துலயே பொறந்து வளர்ந்தவ. மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவளை மலை உச்சியில கொண்டு போய் விட்டா என்ன ஆகும்? போன அன்னைக்கே வாந்தி.

அப்பவும் எங்க சார் ஓடி வந்து தண்ணி குடுக்கல. "தள்ளிப் போம்மா! தள்ளிப் போய் எடு! இது மனுஷ வாசனையே படாத மண்ணு!"ன்னு கத்துறாரு.

சார்னா எங்க புரொஃபசர். உலகமே நாசமாப் போனாலும் அந்தப் புல்வெளி மட்டும் சுத்தமா இருக்குன்னு நிரூபிக்கணும். அதுதான் அவரோட வாழ்நாள் லட்சியம். அங்க யாரும் தும்மக்கூடாது. தும்மல் வந்தா பாறைக்குப் பின்னாடி ஓடணும். நான் ஓடியிருக்கேன்.

எனக்கும் அந்த மண்ணு உசுருதான். என் வேலை வருஷா வருஷம் நீட்டிச்சாத்தான் உண்டு. மண்ணு ஒழுங்கா வந்தா அடுத்த கோடைக்கும் மலைக்குப் போகலாம். வாந்தி எடுத்தவளுக்கு எதுக்கு மறுபடி மலைன்னு கேப்பீங்க. அந்தக் காத்துங்க! அப்படி ஒரு காத்தை நான் அதுக்கு முன்னாடி இழுத்ததே இல்ல. அதுக்காக இன்னொரு தடவை வாந்தி எடுக்கவும் நான் ரெடி.

சரி, கதைக்கு வர்றேன். மண்ணை நிழல்ல உலர்த்தித்தான் சோதனை பண்ணணும். எங்க லேப்ல அதுக்குன்னு ஒரு ரூம் இருக்கு. யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வர்றார்னு அந்த ரூமுக்கு அன்னைக்குத்தான் வெள்ளை அடிச்சிட்டிருந்தாங்க.

"யார் வீட்லயாவது சுத்தமா, காத்தோட்டமா இடம் இருக்கா?"ன்னு சார் கேட்டாரு.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "எங்க வீட்டு மொட்டை மாடி பெருசு சார். மேல ஷீட் போட்டிருக்கு, நல்ல நிழல். கடல் காத்து ஜிலுஜிலுன்னு வரும்!"

"வெரி குட்!"ன்னாரு. வீடு எந்த ஏரியான்னு அவர் கேக்கல. நானும் சொல்லல.

மனுஷ வாசனையே படாத மண்ணு ஷேர் ஆட்டோல என் மடியில உக்காந்து வந்துச்சு. பக்கத்துல ஒரு அம்மா இறால் கூடை. எதிர்ல ஒருத்தர் தும்மிக்கிட்டே வந்தாரு. பாறைக்குப் பின்னாடி ஓடுங்கன்னு அவர்கிட்ட சொல்ல முடியுமா?

மாடியில பேப்பரை விரிச்சு மண்ணைப் பரப்பினேன். பக்கத்துல தனம் அக்கா கருவாடு காய வெச்சிட்டிருந்தாங்க. கீழ் வீட்டு தனம் அக்கா. கருவாட்டு வியாபாரம். வாய் பெருசு, மனசு அதைவிடப் பெருசு.

"இன்னாமே இது?"

"மண்ணு அக்கா. இமயமலையிலேர்ந்து."

"அம்மாந்தூரம் போயி சாமி கும்டாம மண்ணையா அள்ளிகினு வந்த?"

"ஆராய்ச்சிக்குக்கா."

"எங்கைல ஒரு வார்த்த சொல்லிகீலாம்ல? மண்ணு லாரிக்காரன் நம்ம தோஸ்துதான். வூட்டாண்டயே கொட்டிட்டுப் போயிருப்பான்!"

மறுநாள் மணலி புதுநகர்ல சொந்தக்காரங்க வீட்டு காதுகுத்து. போகாம இருந்தா குடும்பத்துல தலை காட்ட முடியாது. "அக்கா, மண்ணைக் கொஞ்சம் பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்.

இங்கதான் நான் கோட்டை விட்டேன். எங்க மாடியில ஒரு வழக்கம் இருக்கு. காயறது யாருதுன்னு யாரும் பாக்க மாட்டோம். மேல போறவங்க எல்லாத்தையும் ஒரு கை திருப்பி விட்டுட்டுத்தான் இறங்குவாங்க. வத்தலா, வடகமா, கருவாடா, எல்லாம் ஒண்ணுதான். "பாத்துக்கோ"ன்னு வேற சொல்லிட்டா, அதைச் சொந்தப் பிள்ளை மாதிரி கவனிப்பாங்க. நானே சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் பண்ணிட்டிருக்கேன். தெரிஞ்சிருந்தும் புத்தி வேலை செய்யல.

சாயங்காலம் வந்து பாத்தா மண்ணு மொறுமொறுன்னு காய்ஞ்சு, பையில கட்டி வாசல்ல ரெடியா இருக்கு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. "தேங்க்ஸ் அக்கா!"

"இதுக்கு இன்னாமே தேங்ஸு? சும்மா கெட."

திங்கக்கிழமை சார்கிட்ட குடுத்தேன். என் முதுகுல தட்டிக் குடுத்தாரு.

ரெண்டு நாள் கழிச்சு லேப்லேர்ந்து ஒரே சத்தம். சார் கத்துறாரு. "உப்பு! உப்பு!"

கேன்டீன் சாம்பார்ல அதிகமாயிடுச்சு போலன்னு நினைச்சேன்.

"மண்ணுல உப்பும்மா! இவ்வளவு உப்பு எந்த மலை மண்ணுலயும் நான் பாத்ததில்ல! இமயமலை ஒரு காலத்துல கடலா இருந்த இடம், தெரியும்ல? அந்தக் கடல் இன்னும் சாகல!"

வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, மண்ணை என்ன பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்? திருப்பி வுட்டேன். ஒரே ஈரமா கெடந்துச்சு, புழு வெச்சிடும்னு ரெண்டு கை பொடி உப்பு தூவினேன்."

"மண்ணுக்கு எதுக்குக்கா உப்பு?"

"ஈரமா கீற எதுக்கும் உப்பு போடணும்மே. போடாங்காட்டி கலீஜாப் பூடும்ல? பட்ச்ச பொண்ணு, இதுகூடத் தெரில!"

அந்த அன்பை எப்படிங்க திட்டுறது? மாடிப்படியிலயே உக்காந்துட்டேன்.

மறுநாள் காலையில உண்மையைச் சொல்லிடணும்னு போனா, சார் மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலையையே எடுக்கல. "வா, வா! பாரு!"

பாத்தேன். மீன் செதிள். தனம் அக்கா கருவாட்டைத் திருப்பின கையாலதானே மண்ணையும் திருப்பியிருக்காங்க. காரப்பொடி மீன் செதிளா, வாளை மீன் செதிளான்னு கேட்டா, வாளைக்குச் செதிளே கிடையாது. அதனால காரப்பொடிதான்.

"கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தின மீன்!"ன்னாரு சார். கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. அதை மூக்குகிட்ட கொண்டு போனாரு. "இத்தனை காலம் ஆகியும் வாசனைகூட போகல பாரு!"

இப்ப எப்படிச் சொல்றது? மனுஷன் அழுதுட்டிருக்காரு. என் வாய் திறக்கல. சனிக்கிழமை அவ்வளவு சுலபமா திறந்த வாய்.

சாயங்காலத்துக்குள்ள நிலைமை முத்திடுச்சு. மண்ணுல ஒரு கருப்புத் தூளைக் கண்டுபிடிச்சிருக்காரு. புகைக்கரி, சாம்பல், இன்னும் என்னென்னவோ. உப்பையும் மீனையும் தூக்கி ஓரமா வெச்சிட்டாரு. முகம் வெளிறிப் போயிருந்துச்சு.

"எல்லாம் போச்சும்மா. நச்சுக் காத்து அந்தப் புல்வெளி வரைக்கும் போயிடுச்சு. இவ்வளவு கரியை நான் எங்கயுமே பாத்ததில்ல. அங்க பாறைக்கு நடுவுல குட்டி குட்டியா மலை முயல் பாத்தோமே? அதுங்க நுரையீரல் என்னத்துக்கு ஆகும்? இது அவசர நிலை! நாளைக்கே பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடுறேன். அமைச்சருக்கு எழுதுறேன். உயிர்கள் விஷயம், விளையாட்டில்ல!"

போனைக் கையில எடுத்துட்டாரு.

பத்திரிகையில வந்து, அப்புறம் அது எங்க தெரு காரப்பொடிக் கருவாடுன்னு தெரிஞ்சா? சாரோட மானம் கப்பலேறும். என் வேலையும் மலையும் சேர்ந்தே போயிடும். இப்பச் சொன்னாலும் வேலை போகலாம். ஆனா மானமாவது மிஞ்சும், அவரோடது.

"சார், போனை வைங்க"ன்னேன். கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் கொட்டினேன். தனம் அக்கா, கருவாடு, உப்பு, காதுகுத்து, ஷேர் ஆட்டோல தும்மினவர் வரைக்கும்.

சார் செதிளை ஒரு பார்வை பாத்தாரு. விரலைத் தொடைச்சுக்கிட்டாரு.

"உப்பு சரி. மீனும் சரி. இந்தக் கரி?"

"அது யாரும் போடல சார். சுத்தி இருக்கிற ஃபேக்டரிப் புகையிலேர்ந்து தானா வந்து படியுறதுதான். வெள்ளைத் துணியெல்லாம் நாங்க வீட்டுக்குள்ளதான் காயப் போடுவோம்."

"ரெண்டே நாள்லயா இவ்வளவு கரி?"

"ரெண்டு நாள்கூட இல்ல சார். சனிக்கிழமை மதியம் வெச்சது, ஞாயித்துக்கிழமை எடுத்தாச்சு."

"உன் வீடு எங்கேம்மா இருக்கு?"

"திருவொற்றியூர் சார். காலடிப்பேட்டை."

சார் அப்படியே நாற்காலியில சாஞ்சாரு. முகத்துல ரத்த ஓட்டம் திரும்பி வந்துச்சு. நெஞ்சு மேல கையை வெச்சு, நிம்மதியா ஒரு பெருமூச்சு விட்டாரு.

"திருவொற்றியூரா! அப்பாடா! முதல்லயே சொல்ல மாட்டியா? நான் பயந்தே போயிட்டேன்மா. அங்கன்னா இது நார்மல்தானே!"

போனைக் கீழ வெச்சிட்டாரு. ஒரு டீ சொல்லச் சொன்னாரு.

எனக்கும் ஒரு நுரையீரல் இருக்கு சார்னு சொல்ல வாயெடுத்தேன். வேலை நீட்டிப்பு ஞாபகம் வந்துச்சு. மூடிக்கிட்டேன். கோபம் மட்டும் டீயோட சேர்ந்து உள்ள இறங்குச்சு.

வேலை போகல. மண்ணு கெட்டுப்போனதுக்குத் தண்டனையா, பனி உருகினதும் நானே போய் மறுபடி தோண்டிட்டு வரணுமாம். தண்டனையாம்! முகத்தைச் சோகமா வெச்சுக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.

தனம் அக்காகிட்ட நடந்ததைச் சொன்னேன். சாரோட கடைசி வரியையும் சொன்னேன். அக்கா மாடிச் சுவரை விரலால ஒரு இழு இழுத்து, கருப்பான விரலைப் பாத்தாங்க.

"அந்த மலை மொசலுக்குத்தான் அம்மாம் பேஜாராயிட்டாராமா அவுரு?"

"ஆமாக்கா."

"அப்ப அடுத்த தபா போறப்ப என்னியும் இட்டுகினு போ. நானும் அங்கயே மொசலா இருந்துக்கிறேன்."

இனிமே மண்ணை லேப்லயேதான் காய வைக்கணும்னு சார் உத்தரவு. எங்க ஊரு காத்து அந்த மண்ணோட உடம்புக்கு ஒத்துக்காதாம்.