எட்டாம் நம்பர் கால்கள்

ஜவ்வாது மலைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள்: சைஸ் பாய், கட்டிங் பிரிவு டேவிட், நான். வராதவர்கள்: எங்கள் ஷூ கம்பெனியின் மற்ற எல்லோரும். அவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். வர ஆசைப்பட்டவர்கள் நிறையப் பேர். பாவம், அவர்களுக்கு எட்டாம் நம்பர் கால் இல்லை.

ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்தும் சைஸ் பாய்க்கு அந்த ஊரில் ஒரு முகம்கூடத் தெரியாது. பாதம்தான் தெரியும். சாம்பிள் ரூம் சூப்பர்வைசரான அவரிடம், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "வணக்கம் சார், என் பேரு..." என்று ஆரம்பித்தேன்.

"பேரு அப்பறம். சைஸ் இன்னா?"

"எட்டு சார்."

நாற்காலியை விட்டு எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "எட்டா! சொல்லவே இல்ல! ஞாயித்துக்கெழம ஃப்ரீயாடா தம்பி?"

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில்கூட, படிப்பையும் சம்பளத்தையும் விசாரிக்கும் முன், வாசலில் பையன் விட்டிருந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தாராம். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. "சாஞ்சி நடக்கற ஆளு. வேணாம்" என்று டீகூடக் குடிக்காமல் வந்துவிட்டார்.

இந்த எட்டு விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வெளிநாட்டுக்கு மலையேறும் ஷூ தைக்கிறவர்கள். ஆர்டர் கிடைக்கும் முன் மாதிரி காட்ட வேண்டும். எங்கள் கம்பெனியில் ஆண்கள் ஷூ மாதிரிகள் எல்லாவற்றையும் எட்டாம் நம்பரில்தான் தைப்போம். கழித்துப்போட்ட மாதிரிகள் அலமாரியில் குவிந்து கிடக்கும். மற்றவர்கள் அதைக் குப்பை என்பார்கள். சைஸ் பாய், "நடக்காத ஷூ ஷூவே இல்ல, பொம்ம" என்பார். மேனேஜரிடம் அனுமதி வாங்கி, எட்டாம் நம்பர் கால்களாகத் தேடிப் பிடித்து, காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்புகிற மாதிரி எங்காவது நடத்திக் கூட்டிப்போவார். ஒரு ஷூ மணலைப் பார்க்க வேண்டும், பாறையைப் பார்க்க வேண்டும், சேற்றைப் பார்க்க வேண்டும். இது அவருடைய சட்டம்.

மணலுக்காக மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக நடந்தோம். ஐரோப்பியப் பனிக்காகத் தைத்த ஷூவைக் கணுக்கால் வரை மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் மூன்று பேர் போனால் யார்தான் சும்மா இருப்பார்கள்? வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா சார், சர்வேயா?" என்றார்.

"ஆமாம்பா. கடலு இன்னா சைஸுன்னு பாக்க வந்தோம்" என்றார் பாய், நிற்காமல்.

பாறைக்கு ஏலகிரி. பஸ் போகும் ரோட்டை விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஏற்றினார். பாதி வழியில் டேவிட் உட்கார்ந்துவிட்டான். "என் காலு ஏழாயிடுச்சி பாய். என்ன உட்ருங்க."

"மேல போனா மறுபடி எட்டாயிடும். எழுந்துர்றா."

மூன்றாவது, சேறு. அதற்குத்தான் ஆலங்காயம் போய் அங்கிருந்து மலை பஸ் பிடித்தோம். மூவருக்கும் அலமாரியிலிருந்து பாயே ஷூ எடுத்துக் கொடுத்திருந்தார். மாற்றுச் செருப்பு எடுத்துவரத் தடை. "செருப்பு எடுத்துனு வர்றவன் ஷூவ நம்பாதவன்" என்பார். அவர் கையில் வழக்கம்போல் மூடிபோட்ட பிளாஸ்டிக் பக்கெட், அதில் பிரியாணி. ஆம்பூர்க்காரன் எவரெஸ்ட் ஏறினாலும் பக்கெட்டோடுதான் ஏறுவான்.

மலைக்கிராமத்தில் இறங்கிக் காட்டுப் பாதையில் நடந்தோம். "கரடி இருக்குமா பாய்?" என்றேன்.

"இருக்கும். அதுக்கு எட்டாம் நம்பர் கெடையாது. நம்மகூட சேராது."

ஓர் ஓடை வந்தது. கற்களின் மேல் கால் வைத்து, ஷூ நனையாமல் தாண்டினோம். அக்கரையில் ஒரு புங்கமரத்தடியில் பக்கெட்டைத் திறந்தார். ஷூவுக்குள் ஏதோ உறுத்துகிறதே என்று நான் கழற்றி உதறினேன். உதறும்போது ஷூவின் நாக்கு வெளியே மடிந்தது. அதன் உட்புறத்தில் சிவப்பு முத்திரை ஒன்று இருந்தது.



அது கழித்துப்போட்ட மாதிரிகளில் ஒன்று இல்லை. சீல் சாம்பிள். வாங்குகிற வெளிநாட்டுக்காரர் பார்த்து, 'இதேதான், இதைப்போலவே எல்லாம் வேண்டும்' என்று முத்திரை குத்திக் கொடுத்த ஒரே ஜோடி. பிறகு தைக்கிற ஒவ்வொரு ஷூவையும் அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். மறுநாள் காலை அவர்களுடைய உள்ளூர் ஏஜெண்ட் வருகிறார். அதுவும் அதே அலமாரியில்தான் இருந்தது; அதன் சாவி என் பொறுப்பு. நான் பயிற்சியில் இருப்பவன். அந்த மாதக் கடைசியில்தான் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு. என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று என்னைப் படிக்க வைத்தவர். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கப் போன முதல் ஆள் நான். என் கம்பெனி அடையாள அட்டையை அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் சாமி படத்தில் மாட்டிவைப்பாள். அந்த வேலையைத்தான் காலையிலிருந்து காலில் மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

"பாய், இத எங்கேந்து எடுத்தீங்க?"

பாய் நாக்கைப் பார்த்தார். வாயில் வைத்த சோற்றை மெல்லவில்லை. "எட்டுன்னு போட்ருந்திச்சி. எடுத்தேன்."

"வேற ஒண்ணும் பாக்கலயா?"

"சைஸ தவுர வேற எதடா நான் பாத்துக்கீறேன்?"

டேவிட் ஷூவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "அடிதான் அழுக்கு. மேல கீறல் இல்ல. வெல்வெட்டு மாதிரி தோலு இது, தண்ணி பட்டா மட்டும் காலி." அவன் சொல்லி வாய் மூடவில்லை, மலைக்கு அந்தப் பக்கம் இடித்தது. மரத்துக்கு மேல் வானம் கருத்திருந்தது.

அதன் பிறகு பாய் செய்ததை வரிசையாகச் சொல்லவே மூச்சு வாங்குகிறது. பிரியாணியைத் தேக்கிலைகளில் கொட்டினார். பக்கெட்டைத் தன் சட்டையாலேயே துடைத்தார். சீல் சாம்பிளைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்து மூடியை அழுத்தினார். பிறகு உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

"போடு."

"நீங்க? வேணாம் பாய், நான் வெறுங்காலோட வர்றேன்."

"டேய், உன்னுது இனிமேட்டு நடக்கப்போற காலு. என்னுது ரிட்டயர் ஆவப்போற காலு. போடுன்னா போடு. ஒரே சைஸுதானே!"

எல்லோருக்கும் ஒரே சைஸ் என்பதன் லாபம் அன்றுதான் தெரிந்தது.

மழை பிடித்துக்கொண்டது. முள்ளும் சரளையும் கிடந்த பாதையில், தலையில் பக்கெட்டோடு பாய் முன்னால் போனார். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும், ஒரு கணம் நிற்பார், காலைத் தூக்கி எதையோ பிடுங்கி எறிவார், நடப்பார். "வலிக்குதா பாய்?" என்றால், "பேஜார் பண்ணாத, வழிய பாரு" என்பார். கடைசி பஸ்ஸை விட்டால் ராத்திரி காட்டில்தான்.

ஓடைக்கு வந்தோம். காலையில் தாண்டிய கற்களைக் காணோம். செந்நிறத் தண்ணீர் இடுப்பளவுக்கு இரைந்துகொண்டு ஓடியது. ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். முன்னால் டேவிட், நடுவில் பாய், கடைசியில் நான். நடு ஓடையில் பாயின் கால் வழுக்கியது. ஆள் உள்ளே போய்விட்டார். தண்ணீருக்கு மேலே தெரிந்தது ஒரு கையும் அதில் ஒரு பக்கெட்டும்தான்.

தலை ஒருமுறை மேலே வந்தது. "பக்கெட்ட புடி!" மறுபடி உள்ளே போனது.

நான் பக்கெட்டைப் பார்த்தேன். எட்டினால் கிடைக்கும் தூரம். அதில்தான் என் அப்பாவின் சுண்ணாம்புத் தொட்டி, அம்மாவின் சாமி படம், எல்லாமே இருந்தன. என் கை எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. பாயின் பனியனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைத் தட்டிவிடப் பார்த்தார். பிடித்த பிடியை நான் விடவில்லை. பக்கெட் மிதந்து போனது. கரையேறியிருந்த டேவிட் ஓடிப்போய்க் குப்புற விழுந்து அதைக் கட்டிக்கொண்டான்.

கரையில் இருமி முடித்ததும் பாய் என்னைத் திட்ட ஆரம்பித்தவர், பஸ் ஏறும்வரை நிறுத்தவில்லை. "பக்கெட்ட புடின்னன்ல? என்ன ஏண்டா புடிச்ச? நீயெல்லாம் இன்னாடா படிச்ச?" பஸ்ஸில் மூடியைத் திறந்தோம். துண்டு நனையாமல் இருந்தது. அப்புறம்தான் திட்டை நிறுத்தினார்.

மறுநாள் காலை ஏஜெண்ட் வரும்முன் டேவிட் பல் துலக்கும் பிரஷ்ஷால் அடியைத் தேய்த்து முடித்திருந்தான். ஏஜெண்ட் ஷூவை எடுத்தார், வளைத்தார், தையலைத் தடவினார். தோல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, முகர்ந்து பார்ப்பது. முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"இன்னா சார், பட்ட கிராம்பு வாசன வருது?"

எங்கள் மேனேஜர் ஒன்றும் அறியாதவர், பெருமையாகச் சொன்னார்: "மரப்பட்டைல பதம் பண்ண தோலு சார். நேச்சுரல்!"

ஏஜெண்ட் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்குப் பசித்தது.

அந்த அறையில் மூலையில் மேஜைக்கு அடியில் இரண்டு கால்களையும் ஒளித்து வைத்துக்கொண்டு பாய் உட்கார்ந்திருந்தார். ஆயிரம் ஜோடி ஷூ நிற்கும் கட்டடத்தில் செருப்பில்லாத ஒரே ஆள். பாதங்கள் பூரியாக உப்பியிருந்தன. அவற்றின் மேல் கட்டு. எட்டாம் நம்பர் எதுவும் அந்தக் காலுக்குப் பக்கத்தில்கூட வராது. அன்று சாயங்காலம் பஜாரில் போய்ப் பதினோராம் நம்பர் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்து மேஜைக்கு அடியில் தள்ளினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். கட்டோடு காலை உள்ளே நுழைத்துக்கொண்டார்.

வீக்கம் வடிந்து மாதங்களாகின்றன. நான் நிரந்தரமாகிவிட்டேன். பாய் இன்னும் அந்தச் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு, படகு மாதிரி இழுத்து இழுத்து, சாம்பிள் ரூமுக்குள் நடக்கிறார். குதிகாலுக்குப் பின்னால் மூன்று விரல் செருப்பு மீதி நிற்கிறது. "பாய், உங்க சைஸ் எட்டு. அது பதினொண்ணு" என்று டேவிட் வேண்டுமென்றே சீண்டுவான்.

"சைஸ் கரெக்டாத்தான் கீது. நீ உன் வேலைய பாரு" என்பார்.

பிரியாணி எழுநூறு, மூன்று பேருக்குப் பஸ் இருநூற்று நாற்பது. பாய் காலுக்குப் போட்ட ஊசி பெரியாஸ்பத்திரியில் இலவசம். இதை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். செருப்பை மட்டும் கணக்கில் சேர்க்க நான் விடவில்லை. அது நூற்று அறுபது ரூபாய்.