ஞாயிற்றுக்கிழமை டபுள் ரேட்டு

ரேட்டை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். அதில் ஒளிவுமறைவே கூடாது. இந்த மாபெரும் முடிவை நான் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, கட்டிலில் மல்லாந்து படுத்து, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு எடுத்தேன்.

எங்கள் மில் பஞ்சு. முதல் தரம். அதையும் துளைத்துக்கொண்டு சத்தம் வந்தது.

நான் சோலைச்சாமி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். நிரந்தர நைட் ஷிஃப்ட். ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழித்ததும் தூங்க வேண்டிய பிறவி. ஆனால் என் மனைவி மாரீஸ்வரி நாலு மாதத்துக்கு முன்னால் வீட்டு ஹாலிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலை எட்டுக்குக் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் ஆறுக்குக் கூட்டிப் போவார்கள். மொத்தம் ஏழு பிள்ளைகள். வயது எல்லாம் நாலுக்குக் கீழே. தொண்டை மட்டும் நாற்பதுக்கு மேலே.

மாரீஸ்வரியைக் குறை சொல்ல முடியாது. "சத்தம் போட்டா மாமா முழிச்சிருவாவ" என்று பிள்ளைகளை மிரட்டித்தான் வைத்திருந்தாள். அதன் பலனாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிள்ளை கதவைத் தட்டி, "மாமா, முழிச்சிட்டீயளா?" என்று கேட்டுவிட்டுப் போகும்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். போன வாரம் மில்லில் பேனல் போர்டு முன்னால் நின்றுகொண்டே நான் தூங்கிவிட்டேன். சூப்பர்வைசர் வைகுண்டராஜ் தோளைப் பிடித்து இழுத்தார். "கை கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருந்தா நீரு கரிக்கட்டை. இன்னொரு தரம் பாத்தேன்னா கேட்டுக்கு வெளிய அனுப்பிருவேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் பிள்ளைகள் வராது. அந்த ஒரு நாள் தூக்கத்தை வைத்துக்கொண்டு ஆறு நாள் எப்படி ஓட்டுவது?

பிள்ளை பார்க்கிறதை நிறுத்து என்று மனைவியிடம் நேராகச் சொல்லலாம். தைரியம் உள்ளவர்கள் சொல்லட்டும். நான் சுற்றி வளைத்துப் போகிறவன். அதற்கு ஒரு வழியும் கிடைத்தது. மாரீஸ்வரி யாரிடமும் ரேட்டைச் சொல்ல மாட்டாள். போன் வந்தால் இப்படித்தான் போகும்:

"அக்கா, மாசம் எம்புட்டுக்கா?"

"அது கெடக்கட்டும். நீங்க எந்த ஊரு?"

"செட்டியார்பட்டி."

"அங்க சின்னக்கருப்பன்னு லாரி ஓட்டுதாவளே, தெரியுமா?"

"எங்க பெரியப்பா மகன்லா!"

"அட, அப்ப நீங்க எனக்கு மதினி!"

அவ்வளவுதான். மூன்றாவது கேள்வியில் உறவு வந்துவிடும், நாலாவது கேள்வியில் ரேட்டு போய்விடும். அந்த மதினிதான் யுவராணி. ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். மகனைப் பார்த்துக்கொள்ள மாதாமாதம் ஒரு கட்டு முருங்கைக்காய் தருகிறாள். மம்சாபுரத்துக்காரி ஒருத்தி மாதக் கடைசியில் அரைக்கிலோ பால்கோவா தருகிறாள். அதில் முக்கால்வாசியை நான்தான் தின்கிறேன் என்பது வேறு விஷயம். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

நான் போட்ட கணக்கு இதுதான். நேர்மை என்ற பெயரில் வாசலில் ரேட்டு போர்டு வைப்பது. ரேட்டை வானத்துக்கு ஏற்றுவது. எல்லோரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். நான் தூங்குவேன்.

"ஏட்டி, ரேட்டை எழுதி வாசல்ல போடணும்" என்றேன்.

"நம்ம வீடு என்ன சலூனா?"

"சலூன்காரனே கத்திரியத் தூக்க முன்னாடி ரேட்டைக் காட்டிருதான். நீ புள்ளைய வாங்கி இடுப்புல வச்ச பொறவும் சொல்ல மாட்டேங்க."

"புள்ளைக்கு யாராவது வெல போடுவாவளா? கண்ணு பட்டுராது?"

"புள்ளைக்கு வெல இல்லட்டி, பாத்துக்கிடுததுக்கு ரேட்டு. அதச் சொல்லலேன்னா பெத்தவ என்ன பாடுபடுவா? 'எம்புட்டு கேப்பாளோ, எம்புட்டு கேப்பாளோ'ன்னு மாசம் பூரா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத் திரியணுமா? இது நியாயமா?"

நன்றாகத்தான் பேசினேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

மாரீஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சொந்தபந்தம் மூஞ்சியப் பாத்து நான் எப்படிச் சொல்லுவேன்?"

"நீ சொல்லாத. நான் போட்ட ரேட்டுன்னு சொல்லிரு."

"அப்படிச் சொல்லட்டுமா?"

"தாராளமாச் சொல்லு."

"அப்ப எல்லாத்துக்கும் போட்ருங்க. ஞாயித்துக்கிழமைக்கும் ஒண்ணு எழுதிருங்க. இல்லேன்னா அதுக்கும் யாராவது வந்து நிப்பாவ."

"ஞாயிறு டபுள் ரேட்டு" என்றேன். டபுள் என்றால் எவள் வருவாள்? பிழைக்கத் தெரியாதவளாக இருக்கிறாளே என்று அவள்மேல் இரக்கம்கூட வந்தது.

பிளெக்ஸ் கடை அழகுராஜாவிடம் போனேன். முழு நாள், மாதம் ஆறாயிரம். அரை நாள் நாலாயிரம். ஆறு மணிக்கு மேல் கால் மணிக்கு ஐம்பது ரூபாய். பத்து நிமிடத்துக்கு மேல் அழுதால் இருபது ரூபாய். ஞாயிறு டபுள். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு அழகுராஜா, "அண்ணே, படம் இல்லாத பிளெக்ஸ் மொட்டையா இருக்கும்ணே" என்று, நான் கும்பிடுகிற மாதிரி ஒரு கல்யாண வீட்டுப் படத்தையும் ஓரத்தில் சேர்த்துவிட்டான்.

திங்கட்கிழமை காலையில் பஞ்சு அடைக்காமல் கதவோடு காதை ஒட்டி நின்றேன். முதலில் யுவராணி வந்தாள்.

"என்ன மதினி இது? ஆறாயிரமா? அழுதா இருபது ரூவாயா?"

"நான் என்ன செய்ய மதினி? அவிய போட்டுட்டாவ. படத்தையே போட்டுருக்காவ, பாருங்க."

பிள்ளையைத் தூக்குகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மாரீஸ்வரியின் குரல் இறங்கியது.

"அவியளுக்குத் தெரிய வேண்டாம். நீங்க மூவாயிரம் குடுங்க. அழுதா நான் பாத்துக்கிடுதேன்."

"மதினி, நீங்க தெய்வம்! நெசத்தைச் சொல்லணும்னா இப்பத்தான் நிம்மதியா இருக்கு. எம்புட்டுன்னு தெரியாம முருங்கைக்காயத் தூக்கிக்கிட்டு வாரதுக்கு எனக்கே கூச்சமா இருந்துச்சு."

நான் அரக்கன், அவள் தெய்வம், கையில் மூவாயிரம். சாயங்காலத்துக்குள் ஏழு பேரும் தெய்வத்தைத் தரிசித்துவிட்டார்கள். 'அந்த வீட்டு ஆம்பள கறாரு, அக்கா தங்கம்' என்று பேச்சு பரவி, வியாழக்கிழமைக்குள் ஏழு பிள்ளைகள் பதினொன்று ஆனார்கள்.

வெள்ளிக்கிழமை வெங்கடேஸ்வரி வந்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போர்டைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். "அக்கா, அப்ப இனிமே ஆதிவாரம் கூட உண்டா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டாள். ஆதிவாரம் என்றால் ஞாயிறு. "டபுள்னா டபுள், பரவால்ல. எனக்கு அன்னைக்கு டியூட்டி. எங்க வீட்டுக்காரருக்கு மில்லுல வாரலீவு புதன்கிழமை."

அவளுடைய வீட்டுக்காரர் யார் தெரியுமா? சூப்பர்வைசர் வைகுண்டராஜ்.

மில் ஊரில் வாரலீவு ஆளுக்கு ஒரு கிழமையில் வரும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிற தாய்மார் இந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். இருபது வருஷம் மில்லில் இருந்தவன் இதை மறந்துவிட்டு டபுள் ரேட்டு எழுதினேன். சனிக்கிழமைக்குள் ஞாயிற்றுக்கு மட்டும் ஆறு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. கத்தியே விட்டேன்.

"ஏட்டி, ஞாயித்துக்கிழமையும் போச்சா? நான் எப்பத் தூங்க? மில்லுல நின்னுக்கிட்டே தூங்குதேன், ஒனக்குத் தெரியுமா? ஒருநா கரண்டுல கைய வச்சுட்டுப் போயிருவேன்டி!"

மாரீஸ்வரி காப்பியை முன்னால் வைத்தாள்.

"தெரியும். வெங்கடேஸ்வரிதான் சொன்னா. ரெண்டு மாசமா ஞாயித்துக்கிழமை புள்ளையப் பாக்க முடியுமான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. சும்மா பாத்தா நமக்கு நட்டம். ரேட்டு கேட்டா ஒங்க வேலைக்கு ஆபத்தாயிருமோன்னு பயம். நல்லவேள, நீங்களே எழுதித் தந்துட்டீய."

"அதனால எனக்கு என்ன?"

"ஒங்க தூக்கத்தப் பத்தியும் அவகிட்டப் பேசிட்டேன். அவ வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டா. திங்கக்கிழமையிலேருந்து ஒங்களுக்குப் பகல் ஷிஃப்ட்டு. ராத்திரி நல்லாத் தூங்குங்க."

அவளுடைய தொழிலை மூட நான் சதி செய்துகொண்டிருக்கிறேன், அவள் என் உயிரைக் காப்பாற்ற வழி பார்த்திருக்கிறாள். வெட்கமாகவும் இருந்தது, அவள்மேல் ஆசையாகவும் இருந்தது.

"வாரலீவு மட்டும் ஞாயித்துக்கிழமையே வேணும்னு கேட்டு வாங்கிட்டேன்" என்றாள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றை எப்படியோ ஓட்டிவிட்டு, அடுத்த வாரம் முழுக்க ராத்திரியில் மரக்கட்டை மாதிரி தூங்கினேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹாலில் ஆறு பிள்ளைகள். மாரீஸ்வரி பட்டுச்சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, கையில் பையோடு நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. மடவார் வளாகத்துல அக்கா வீட்டுக்குப் போயிட்டு, ஆண்டாளையும் சேவிச்சிட்டு சாயங்காலம் வாரேன். நாலு மாசத்துல நான் ஒரு நாள் எங்கயாவது வெளிய போயிருக்கேனா?"

"இந்தப் புள்ளைகள?"

"நீங்க பாத்துக்கிடுங்க. பத்தரைக்குப் பால், பன்னெண்டுக்குச் சோறு. வைகுண்டராஜ் மகன் மட்டும் கடிப்பான், செத்த சூதானமா இருங்க. இனி எல்லா ஞாயித்துக்கிழமையும் இதுதான் ஏற்பாடு."

வைகுண்டராஜ் மகன் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான். அவள் படி இறங்கிவிட்டாள். ஆறு பேருக்கு டபுள் ரேட்டு என்றால் சும்மாவா? நான் வாசலுக்கு ஓடினேன்.

"ஏட்டி, நில்லு! இதுல எனக்கு எம்புட்டு? அதைச் சொல்லிட்டுப் போ!"

மாரீஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"கட்டுன புருசன்கிட்டப் போயி யாராவது ரேட்டு பேசுவாவளா?"