பாப்பாவின் காலில் இறங்கிய விஷம்

வரிசை கடைவாசலில் தொடங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தையும் விழுங்கிவிட்டு மூலை திரும்பியிருந்தது. பேருந்துக்கு நின்றவர்களில் சிலரும் அதில் மாட்டிக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே ஆளுக்கொரு டோக்கன் வாங்கிக்கொண்டார்கள். சும்மா கிடைக்கிற டோக்கனை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஏறக்குறைய எல்லோர் இடுப்பிலும் ஒரு குழந்தை. எல்லாக் குழந்தைகளும் சொறிந்துகொண்டிருந்தன. முழங்கை மடிப்பில், முழங்காலுக்குப் பின்னால், கழுத்தில், கன்னத்தில். கரப்பான் என்பார்கள் வீட்டில். எக்ஸிமா என்பார்கள் மருத்துவமனையில். குழந்தைக்கு இரண்டு பெயரும் தெரியாது. அரிக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

உள்ளே வீற்றிருந்தவர் தொட்டி ஐயா. போன வருஷம் வரை அதே இடத்தில் செல்போன் உறை விற்றவர். ஒருநாள் தியானத்தில் பேருண்மை தெரியவந்ததாம். உறை வியாபாரம் படுத்துவிட்டது என்பதுதான் அந்த உண்மை என்று வேண்டாதவர்கள் சொன்னார்கள்.

அவருடைய சாதனம் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி. பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டியிலிருந்து ஒயர் வந்து, தண்ணீருக்குள் ஓர் உலோகச் சுருளில் முடியும். பெட்டியின் மேல் சிவப்பு, பச்சை, நீல விளக்குகள். பளபளவென்று எரிவதைத் தவிர அந்த விளக்குகளுக்கு வேறு வேலை இல்லை. அந்த விஷயத்தில் அவை ஐயாவைப் போலத்தான்.

குழந்தையின் காலைத் தொட்டித் தண்ணீரில் வைப்பார்கள். 'மூலிகைப் பொடி' தூவுவார்கள். சுவிட்சைத் தட்டுவார்கள். கண்ணாடிபோல இருந்த தண்ணீர் மெல்லக் கலங்கும், பழுப்பாகும், நுரை கட்டும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

"பொறாமை விஷம்," என்பார் ஐயா, தண்ணீரைப் பார்த்து வருத்தப்பட்டபடி. "பிள்ளை உடம்புல தேங்கிக் கிடந்தது. பாதம் வழியா இறங்குது."

விஷத்தின் நிறத்தை வைத்து, அனுப்பியவரையும் சொல்லிவிடுவார். பழுப்பு என்றால் சொந்தக்காரர். மஞ்சள் நுரை என்றால் அக்கம்பக்கம். கறுப்புத் துகள் மிதந்தால் கூட வேலை பார்ப்பவர். உலகத்துக் குற்றவாளிகள் எல்லோரும் மூன்றே நிறத்தில் அடங்கிப்போனார்கள். இந்த வசதி இல்லாமல்தான் போலீஸ்காரர்கள் இத்தனை காலமாகச் சிரமப்படுகிறார்கள்.

கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் பலன் குறையும் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்காமலே நிறையக் கொடுத்தார்கள்.

அந்த வரிசையில் இரண்டு வயதுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மாவும் நின்றாள். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. ஆபத்துகளை அலசி ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறவள். முட்டாள் இல்லை. ஆனால் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது. பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை 'பரட் பரட்' என்று சொறியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே விடிகிறவளிடம் யாராவது, தலைகீழாக நில், சரியாகிவிடும் என்று சொன்னாலும் நின்றிருப்பாள்.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. அந்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"இது காஞ்ச தோல்மா. பிறவியிலயே அப்படி. குளிப்பாட்டினதும் ஈரம் காயறதுக்குள்ள இந்தக் களிம்ப நல்லா, தாராளமா பூசுங்க. ரொம்பச் சிவந்தா மட்டும் இந்த மருந்து, சொன்ன அளவுக்கு. நகத்த ஒட்ட வெட்டிடுங்க. உறுத்தாத பருத்தித் துணியாப் போடுங்க."

"எப்ப முழுசாப் போகும் டாக்டர்?"

"வளர வளர நிறையப் பிள்ளைங்களுக்குக் குறைஞ்சிடும். எப்பன்னு என்னால சொல்ல முடியாது. வரும், அடங்கும், திரும்ப வரும். நாம அடக்கி வெச்சுக்கலாம்."

உண்மையைப் பேசுகிறவரிடம் இதுதான் கஷ்டம். 'சொல்ல முடியாது' என்கிறார். தொட்டி ஐயாவிடம் அந்தக் கஷ்டமே இல்லை. "மூணே தொட்டி, பிள்ளை தோல் ரோஜாப்பூ மாதிரி ஆயிடும்," என்றார். எந்த அம்மா யாரை நம்புவாள்?

முன்னறையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐயாவின் மச்சினி. குரலில் தேன் சொட்டும்.

"பாவம், செல்லம் எப்படிச் சொறியுது பாருங்க. வீட்டுக்கு யார் யாரும்மா வந்து போவாங்க?"

"யாரும் அதிகமா வரமாட்டாங்க. என் வீட்டுக்காரரோட அக்கா வருவாங்க."

"பிள்ளைமேல பிரியமா இருப்பாங்களா?"

"ரொம்ப. இந்தக் குளிருக்குக்கூட ஒரு கம்பளிச் சட்டை பின்னிக் கொண்டுவந்து குடுத்தாங்க."

மச்சினி பாப்பாவின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற உள்ளே போனார். தண்ணீரைத் தொட்டியிலும் மற்றதை ஐயாவின் காதிலும் ஊற்றிவிட்டுத் திரும்பினார்.

சிறிது நேரத்தில் பாப்பாவின் கால் தொட்டியில் இருந்தது. தண்ணீர் பழுத்தது. ஐயா கண்ணை மூடினார்.

"அப்பா வழி. பொம்பளை. துணிமணி ஏதோ குடுத்திருக்கா. நூலு... இல்ல, கம்பளி."

அம்மா ஐயாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஐயா இரண்டு கட்டளைகள் போட்டார். அந்தப் பெண் இனி வீட்டுப் படி ஏறக் கூடாது. டாக்டர் களிம்பைப் பூசவே கூடாது, பூசினால் விஷம் வெளியேறும் வழி அடைத்துப்போகும்.

பாப்பாவின் அப்பா, லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஆளை நடுவழியில் நிற்கவிடாமல் மேலேயோ கீழேயோ கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர் தொழில். வீட்டு விவகாரத்தில் மட்டும் எப்போதும் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்பார். அக்காவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு நீ வீட்டுக்கு வராம இருந்தா நல்லதுன்னு..."

"யார் சொன்னது?"

"தொட்டி ஐயா. உனக்குப் பொறாமையாம்."

அக்கா சொன்னாள்: "உங்க வீட்ல என்னடா இருக்கு, பொறாமப்பட?"

அந்தக் கம்பளிச் சட்டையை அவள் இரண்டு முறை பிரித்துப் பின்னியிருந்தாள்.

முதல் வாரம் பாப்பாவுக்கு அரிப்பு குறைந்தது. அம்மா ஐயாவின் படத்தை அலமாரியில் வைத்தாள். வரும், அடங்கும் என்று டாக்டர் சொன்னதில் 'அடங்கும்' நடந்திருந்தது. அதற்கு ஐயா நன்றி வாங்கிக்கொண்டார்.

அடுத்து 'திரும்ப வரும்' வந்தது. கன்னம் சிவந்தது. முழங்கை மடிப்பு வெடித்து நீர் கசிந்தது. அம்மா இரண்டாம் தொட்டிக்கு ஓடினாள்.

"நல்ல அறிகுறிம்மா," என்றார் ஐயா. "விஷம் மேல் தோலுக்கு வந்திருக்கு."

குறைந்தால் அவருடைய சக்தி. கூடினால் நல்ல அறிகுறி. இப்படி ஒரு வேலை கிடைத்தால் நானும் நீங்களும்கூடப் பார்க்கலாம்.

இரண்டு நாளில் கசிந்த இடத்தில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டியது. ஒரு மத்தியானம் பாப்பா சொறிவதை நிறுத்திவிட்டுத் துவண்டு படுத்தது. உடம்பு கொதித்தது. அம்மா போனில் அழ, வேலைக்குப் போயிருந்த அப்பா முதலில் கூப்பிட்டது அக்காவை. கார் ஓட்டப் பழக்குகிற பள்ளியில் ஆசிரியை அவள். மாணவனை இறக்கிவிட்டு, கூரையில் 'பழகுநர்' பலகையோடு அதே காரில் வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணி, நீங்க..." என்று அம்மா தடுமாறினாள்.

"என் கண்ண மூடிக்கறேன். பிள்ளையத் தூக்கிட்டு வண்டியில ஏறு."

கண்ணை மூடவில்லை என்பது எல்லோருக்கும் நல்லதாய்ப் போயிற்று.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அம்மாவுக்கு இருந்தது. சொறிந்த புண்ணில் கிருமி இறங்கிவிட்டது என்று மருந்து எழுதினார். களிம்பை மறுபடி தொடங்கச் சொன்னார். பிறகு, கிளம்பும்போது குளிருக்கென்று அக்கா, அதாவது பாப்பாவின் அத்தை, மாட்டிவிடச் சொன்ன சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் கம்பளிய யார் போட்டது? இது உறுத்தும், அரிப்பக் கூட்டும்."

அத்தை முகம் சுருங்கியது. "நான்தான் டாக்டர். குடுத்த நாள்லேர்ந்து போடு போடுன்னு நான்தான் நச்சரிச்சேன்."

ஆக, ஐயா பாதி சரி. அத்தையிடமிருந்து அரிப்பு வந்தது உண்மை. கண் வழியாக வரவில்லை, கம்பளி வழியாக வந்திருந்தது.

நான்கு நாளில் காய்ச்சல் விட்டது, புண் காய்ந்தது. அப்போது அம்மா மெல்ல ஆரம்பித்தாள்.

"மூணாவது தொட்டி பாக்கி இருக்கு. அத முடிக்காததாலதான் இப்படி ஆச்சோ என்னவோ."

அப்பா இரண்டு மாடிக்கு நடுவில் நின்றார். அத்தைதான் பதில் சொன்னாள்.

"சரி, போலாம். நானும் வரேன். அவர்கிட்ட ஒரே ஒரு விஷயம் கேக்கணும்."

அன்றும் அறை நிறையக் கூட்டம். பாப்பா அப்பாவின் தோளில் இருந்தது. மச்சினி புதுத் தண்ணீர் ஊற்றி, பொடி தூவினார். "பிள்ளை கால வைங்க," என்றார் ஐயா.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றாள் அத்தை. புது மாணவனிடம் பேசுகிற குரல். "கால வைக்காம ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க."

"எதுக்கு?"

"தண்ணி தெளிவாவே இருந்துச்சுன்னா, விஷம் பிள்ளை கால்லேர்ந்துதான் வருதுன்னு நான் ஒத்துக்கறேன். இங்கயே மன்னிப்புக் கேட்டுட்டு, இனிமே தம்பி வீட்டுப் பக்கம் வரவே மாட்டேன்."

ஐயா சிரித்தார். "வெறும் தொட்டிய ஓட்டக் கூடாதும்மா. சக்தி திரும்பி அடிக்கும்."

"யாரை அடிக்கும்?"

"கேக்கறவங்கள."

"என்னைத்தானே, அடிக்கட்டும்."

கூட்டம் இதை ரசித்தது. யாராவது அடிபடுவதைப் பார்க்கக் கூட்டம் எப்போதும் தயார். "ஓட்டிக் காட்டுங்க ஐயா, அந்தம்மாவுக்குப் புத்தி வரட்டும்," என்று பின்னாலிருந்து ஒருவர் ஐயாவின் பக்கம் நின்றே குரல் கொடுத்தார். பக்தர்கள் செய்கிற கெடுதலை எதிரிகள்கூடச் செய்ய மாட்டார்கள்.

ஐயா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். தட்டவில்லை. இல்லாத காரணங்களையெல்லாம் சொன்னார். கிரகிக்க உடம்பு வேண்டும் என்றார். நேரம் சரியில்லை என்றார். அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அபாயத்தை மறைக்கிறவர்கள் ஆபீசில் அவள் எதிரில் உட்கார்ந்து பேசும் பேச்சு இப்படித்தான் இருக்கும். அது அவளுக்கு அத்துப்படி.

"கைய எடுங்க," என்றாள். நீட்டிய விரலால் அவளே சுவிட்சைத் தட்டினாள்.

விளக்குகள் எரிந்தன. காலும் இல்லை, குழந்தையும் இல்லை. தண்ணீர் மெல்லக் கலங்கியது, பழுப்பானது, நுரை கட்டியது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே.

எல்லோரும் தொட்டியை எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை மட்டும் 'பரட் பரட்' என்று சொறிந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா," என்றார் ஐயா, அவ்வளவு எளிதில் விடுகிறவரா. "அந்தம்மா அறைக்குள்ள நின்னதுக்கே தண்ணி பழுத்துப்போச்சு. அவ்வளவு பொறாமை."

"நியாயம்தான்," என்றாள் அத்தை. வெளியே போனாள். சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் கார் அருகில் நின்றுகொண்டு கையை ஆட்டினாள்.

அம்மா தொட்டியைக் கவிழ்த்தாள். புதுத் தண்ணீர் ஊற்றினாள். பொடிப் பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, தூவுமுன் நாக்கில் வைத்தாள்.

"உப்பு," என்றாள்.

பை கைமாறியது. ஆளுக்கொரு சிட்டிகை ருசி பார்த்தார்கள். உப்பேதான் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த அறையில் முதல்முறையாக எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்த உண்மை அது.

அம்மா மிச்சப் பொடியைத் தூவிவிட்டு மறுபடி சுவிட்சைத் தட்டினாள். அத்தை சாலைக்கு அப்பால். தண்ணீர் மறுபடியும் பழுத்தது.

முன்வரிசையில் இரட்டைக் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தகப்பன் எழுந்தார். நிதானமாகக் கேட்டார்.

"எங்க அண்ணன் அனுப்பின விஷம்னு சொன்னீங்க. ஆறு மாசமா அவன்கிட்ட நான் பேசல. அது யார் விஷம்?"

ஐயா இந்த முறை தண்ணீரின் நிறத்தைப் பார்க்கவில்லை, பின்கதவைப் பார்த்தார்.

அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயரைப் பிடித்துச் சுருளைத் தூக்கினாள். இரும்பு. பாதி கரைந்து, துருவேறிப்போயிருந்தது. துணியால் துடைத்தாள். துணி பழுப்பானது.

"உப்புத் தண்ணியில கரண்ட் விட்டா இரும்பு துருப்பிடிக்கும்," என்றார் அப்பா. தொழிலில் தினமும் பார்க்கிற துரு. இத்தனை நாள் இது தெரியாதா என்று மனைவி பார்க்க, அவர் பாப்பாவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்ப கம்பளிச் சட்ட?" என்று யாரோ இழுத்தார்கள். "அத எப்படிச் சொன்னாரு?"

அம்மா மச்சினியைப் பார்த்தாள். மச்சினி சுவரைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் அம்மா. "முன்னறையில. என் வாயாலயே."

அதற்குப் பிறகு வரிசை வரிசையாக இல்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்கள், கத்தினார்கள், ஒருவர் நீலத் தொட்டியை மட்டும் துணி ஊறவைக்க நல்லது என்று தூக்கிக்கொண்டு போனார். ஐயா பின்கதவு வழியாகப் போனார். ஊரார் பொறாமையையெல்லாம் கண்டுபிடித்தவர், கூட்டத்தில் யாரோ போன் செய்து வரவழைத்த போலீஸ்காரர் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பதை மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

அம்மா சாலையைக் கடந்து காருக்கு வந்தாள்.

"அண்ணி, நான் உங்கள..."

"தூக்கம் இல்லாம ஓட்டினா இப்படித்தான் மோதும்," என்றாள் அத்தை. "இன்னிக்கு ராத்திரி பாப்பா என்கூடப் படுக்கட்டும். நீ தூங்கு."

கரப்பான் ஒரே நாளில் ஓடிவிடவில்லை. இப்போதும் வரும், அடங்கும். குளித்ததும் களிம்பு, ஒட்ட வெட்டிய நகம், மெத்தென்ற பருத்திச் சட்டை. அலுப்பான வேலை. அதில் விளக்கு எரியாது, நுரை கட்டாது, யாரும் கைதட்ட மாட்டார்கள். பாப்பா மட்டும் விடியும்வரை தூங்கும்.

ஐயா போலீசிடம் மாட்டிய மறுநாளே வரிசையில் நின்ற ஒருவர் அத்தையைத் தேடிப் பிடித்து, "இவன் ஏமாத்திட்டான், சரி. நிஜமான தொட்டி வைத்தியர் யாராவது தெரியுமா?" என்று கேட்டாராம். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு அரித்தால் சொறிய விடாதீர்கள், புண்ணாகிவிடும். உங்களுக்குச் சந்தேகம் அரித்தால், பெரியவர்களே, நன்றாகச் சொறியுங்கள். எத்தனை சொறிந்தாலும் மூளை புண்ணாகாது.