துண்டுக்கடியில் விற்ற நிம்மதி

வெண்பாறை நாட்டில் நிம்மதியின் விலை வருஷத்துக்குப் பதினெட்டுப் பணம். வீடு இடிந்தாலும் வண்டி நொறுங்கினாலும் அரசாங்கமே சரிசெய்து தரும். அதற்காக முன்கூட்டியே கட்ட வேண்டிய தொகை அது. வேண்டாம் என்பவர்களும் கட்டியாக வேண்டும். மக்கள் நிம்மதியில்லாமல் இருப்பதை மன்னர் சட்டப்படி தடை செய்திருந்தார். பணம் கட்டியவரின் வண்டி நுகத்தடியில் பித்தளை முத்திரை அடிப்பார்கள். முத்திரை இல்லாத வண்டி கோட்டை வாசலைத் தாண்ட முடியாது. சந்தையோ கோட்டைக்கு உள்ளே இருந்தது.

புளி வியாபாரி சீனியம்மாளுக்கு ஆற்றங்கரையில் ஓர் ஓட்டு வீடும் ஒரு மாட்டு வண்டியும் இருந்தன. சொத்து அவ்வளவுதான். வண்டி வாசலைத் தாண்டினால் அவள் வீட்டு அடுப்பு எரியும். தாண்டாவிட்டால் அத்தனை புளியையும் அவளே கரைத்துக் குடிக்க வேண்டியதுதான்.

அந்தச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் கிடையாது. விற்பவரும் வாங்குபவரும் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். யாருக்கு என்ன விலைக்குப் படிந்தது என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும். நிம்மதிப் பணம் வசூலிக்க வந்த தண்டலர் குழைக்காதர் இந்த வழக்கத்தை முதல் நாளே கற்றுக்கொண்டார்.

அவர் துண்டுக்கடியில் பதினெட்டு என்று அழுத்தினார். சீனியம்மாள் எட்டு என்று அழுத்தினாள். அவர் பெருமூச்சு விட்டார், நெற்றியைத் துடைத்தார், எழுந்து போவதுபோல இரண்டு தடவை எழுந்தார். கடைசியில் பன்னிரண்டுக்குப் படிந்தது.

“உனக்காகத்தான் தாயி. வெளியே மூச்சு விடாதே. அமைச்சர் காதுக்குப் போனா என் வேலை போயிரும்.”

அரசாங்கத்தையே அடித்துப் பேசிவிட்ட பெருமையில் அவள் அன்று பாயசம் வைத்தாள். அன்றைக்குச் சந்தைக்காரர் வீடுகள் எல்லாவற்றிலும் பாயசம் கொதித்ததை அவள் அறியமாட்டாள்.

மூன்று வருஷம் பன்னிரண்டு கட்டினாள். பிறகு ஓர் ஆணை வந்தது. ஆற்றங்கரை வீடுகளுக்கு வெள்ள பயம் இருப்பதால் ஆறு பணம் கூடுதல். ஆற்றை விட்டுத் தள்ளியிருக்கும் வீடுகள் தீப்பிடித்தால் தண்ணீர் தூரம் என்பதால் அவற்றுக்கும் ஆறு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் தவிப்பதால் அவர்களுக்கும் ஆறு. சட்டப்படி இருபத்து நான்கு. துண்டுக்கடியில் பேசிப் பதினெட்டாக்கி இரண்டு வருஷம் கட்டினாள்.

அடுத்த ஆணை வண்டிகளைப் பற்றியது. ஒருமுறை கவிழ்ந்த வண்டி மறுபடியும் கவிழும் என்பதால் ஆறு பணம் ஏற்றினார்கள். இதுவரை கவிழாத வண்டி இனிமேல் கவிழ வேண்டியிருக்கிறது என்பதால் அதற்கும் ஏற்றினார்கள். அந்த வருஷம் சட்டப்படி முப்பது, துண்டுக்கடியில் இருபத்து நான்கு.

அப்போது தேர்தல் வந்தது. மன்னரை மாற்ற முடியாத மக்களுக்கு நிம்மதி அமைச்சரை மாற்றும் உரிமை இருந்தது. இன்பவாணர் என்பவர் தெருத்தெருவாக நின்று, “நிம்மதிப் பணத்தைப் பாதியாக்குவேன்!” என்று முழங்கினார். மக்கள் ஓட்டுகளை அள்ளிக் கொட்டினார்கள். சொன்ன சொல் தவறாமல் முப்பதைப் பதினைந்தாக்கினார். மறுநாள் வருஷத்தை நான்கு மாதமாக்கினார்.

“குறைந்த விலை, குறுகிய வருஷம். ஒரே மூச்சில் இரண்டு சலுகைகள்,” என்று அவர் சபையில் விளக்கியபோது கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. ஐம்பது வயதான சீனியம்மாள் அடுத்த ஐப்பசிக்குள் ஐம்பத்து மூன்றைத் தொட்டாள். துண்டுக்கடியில் பதினைந்தைப் பன்னிரண்டாக்கி, மூன்று தடவை கட்டினாள்.

அந்த ஐப்பசிக் காற்றில் ராஜபாட்டையின் மருதமரம் ஒன்று அவள் வீட்டின் மீது சாய்ந்தது. பாதிக் கூரை போயிற்று. வாசலில் நின்ற வண்டியின் அச்சு முறிந்தது. மாடுகள் தப்பின. அவள் ஈரச் சேலையோடு, நிம்மதிப் பணம் சேரும் நிம்மதி மண்டபத்துக்கு ஓடி முறையிட, நஷ்டத்தை மதிப்பிடவும் குழைக்காதரே வந்தார்.

“காற்று வந்து வீட்டை இடித்ததா, மரம் வந்து இடித்ததா?”

“காத்து மரத்தைத் தள்ளுச்சு அண்ணாச்சி. மரம் வீட்டைத் தள்ளுச்சு.”

“காற்றுக்கு நிம்மதி உண்டு. ஆனால் காற்று உன் வீட்டைத் தொடவில்லையே. மரத்துக்கும் உண்டு. ஆனால் மரம் தானாக விழவில்லையே.”

“அப்ப என் வீடு எதனாலதான் விழுந்துச்சு?”

“அது விசாரணையில் இருக்கிறது. இருந்தாலும் உன் முகத்துக்காக நஷ்டம் மூன்று பணம் என்று எழுதுகிறேன். எந்த நஷ்டத்திலும் முதல் பத்துப் பணம் நஷ்டப்பட்டவர் பங்கு. ஆகவே நீ மண்டபத்துக்கு ஏழு பணம் தர வேண்டும்.”

சீனியம்மாள் முறிந்த அச்சின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்புறம் தாயி, நீ நஷ்டஈடு கேட்டுவிட்டாய். ஒருமுறை கேட்டவர்கள் மறுபடியும் கேட்பார்கள். அதனால் வருகிற வருஷம் உனக்கு இருபது. பத்து நாளில் கட்டாவிட்டால் முத்திரையைப் பெயர்த்துவிடுவோம்.” குரலைத் தாழ்த்தித் துண்டை எடுத்தார். “வேண்டுமானால் பேசிப் பார்க்கலாம்.”

“துண்டைத் தோளில போடுங்க அண்ணாச்சி,” என்றாள் அவள்.

மறுநாள் புளிக்கூடையைத் தலையில் சுமந்து சந்தைக்குப் போனாள். நட்டநடுவில் நின்று, தன் பேரத் துண்டை உதறித் தரையில் எறிந்தாள். சந்தை அப்படியே நின்றுவிட்டது. சபையில் வேட்டியை அவிழ்த்தால்கூட அங்கே அவ்வளவு அதிர்ச்சி வந்திருக்காது.

“நிம்மதிக்கு நான் கொடுக்கிறது பன்னிரண்டு. இதுக்கு மேல கொடுக்கிறவங்க யாரு?”

வெல்ல மண்டி பலவேசம் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஏமாந்துட்டியே அக்கா! எனக்கெல்லாம் ரகசியமா…”

“ரகசியமா எவ்வளவு?”

பலவேசம் சுற்றிலும் பார்த்தார். சிரிப்பு மெல்லக் கரைந்தது. “பன்னிரண்டு.”

“எனக்கும் அதேதான்,” என்றார் மிளகு வியாபாரி மம்முது ராவுத்தர். “ஏழு வருஷமா ஒவ்வொரு ஏத்தத்துக்கும் எனக்கு மட்டும் குறைச்சார். அந்தக் கை என் ஒருத்தன் கிட்டதான் தோத்துப் போகுதுன்னு இருந்தேன்.”

கைகள் ஒவ்வொன்றாகத் துண்டுகளுக்கடியிலிருந்து வெளியே வந்தன. எல்லாக் கைகளும் ஒரே கணக்கைக் காட்டின. பேரத்தில் பிறந்து பேரத்தில் வளர்ந்த ஒரு சந்தை முழுவதும், பேரத்தாலேயே மொட்டையடிக்கப்பட்டிருந்தது.

“இப்ப என்ன பண்றது?” என்றார் பலவேசம்.

அவள் மகமைப் பானையைக் காட்டினாள். விற்கும் மூட்டைக்கு ஒரு காசு வீதம் வியாபாரிகள் அதில் போடுவார்கள். திருவிழாவுக்கு வாணவேடிக்கை அந்தக் காசில்தான்.

“இந்த வருஷம் வேடிக்கை வேண்டாம். என் அச்சை மாத்துங்க. நாளைக்கு உங்க கூரை விழுந்தா பானை உங்களுக்கு. எல்லார் முன்னாலயும் எண்ணிக் கொடுப்போம், வாய்விட்டு எண்ணுவோம்.”

“பாதி வேடிக்கை வச்சுக்கலாமே அக்கா?”

“பாதிங்கிற பேச்சை மட்டும் எடுக்காதீங்க.”

சாயங்காலம் வரை வாதாடினார்கள். கடைசியில் பானையில் அச்சுக்குக் காசு இருந்தது, கூரைக்குப் பற்றவில்லை. கூரையில் ஓலையை விரித்துக்கொண்டு, அவள் வண்டியைப் பூட்டினாள்.

பத்தாம் நாள் யாரும் நிம்மதிப் பணம் கட்டவில்லை. முத்திரைகள் பெயர்க்கப்பட்டன. வண்டிகள் கோட்டை வாசலுக்கு வெளியே வரிசையாக நின்றன. அங்கேயே கடை விரித்தார்கள். ஊர் மக்கள் வெளியே நடந்து வந்து வாங்கினார்கள். அரண்மனைக்காரர்களுக்கு மட்டும் கௌரவம் தடுத்தது. மன்னரின் ரசத்தில் புளியும் இல்லை, மிளகும் இல்லை. வெந்நீரைக் கெண்டியில் ஊற்றி ரசம் என்று அறிவித்தார்கள்.

‘உரிமம் பெறாமல் ஒருவருக்கொருவர் உதவுவது குற்றம்’ என்று இன்பவாணர் ஆணை போட்டார். உதவி பெற்றவருக்கு இரட்டை அபராதம். மழையும் விடவில்லை. வெல்லம் பிசுபிசுத்தது. “கட்டித் தொலைச்சிரலாமா?” என்று பலவேசமே ஒருநாள் முனகினார்.

“கட்டுங்க அண்ணாச்சி. ஆனா எவ்வளவு கட்டுறீங்கன்னு இந்த வண்டி மேல ஏறி நின்னு கத்திட்டுப் போங்க,” என்றாள் சீனியம்மாள். அவர் போகவில்லை. அவள் ஓலைக்கடியில் நனைந்துகொண்டே படுத்தாள், விடிந்ததும் வாசலுக்கு வந்து நின்றாள்.

கார்த்திகை பிறந்ததும் நிம்மதி மண்டபம் இடிந்தது. காற்றும் அடிக்கவில்லை, மரமும் விழவில்லை. இன்பவாணரே வாசலுக்கு வெளியே வந்தார். பின்னால் குடைபிடிப்பவனும் குழைக்காதரும் வந்தார்கள்.

“அம்மணி, இடிபாட்டை அகற்ற நூறு வண்டிகள் தேவை.”

“எப்படி இடிஞ்சுது?”

“வசூலித்த நிம்மதிப் பணத்தை மேல்மாடத்தில் அடுக்கியிருந்தோம். பாரம் தாங்கவில்லை.”

“மண்டபத்துக்கு நிம்மதிப் பணம் கட்டியிருப்பீங்களே? அதுல கட்டிக்கலாம்.”

அமைச்சர் பின்வாங்கினார். “நாங்களா? அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?”

ராவுத்தர் மிளகு மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“வண்டி வரும்,” என்றாள் சீனியம்மாள். “ஆனா முத்திரை இல்லாத வண்டி உள்ள வரக் கூடாதே?”

“இன்று முதல் முத்திரை வேண்டியதில்லை.”

“எங்க கிட்ட வாங்கினதையும் திருப்பணும்.”

“அது இருப்பு, அம்மணி. இருப்பைத் தொடலாகாது. அதுதான் நிதி தர்மம்.”

“இப்ப அது தெருவுல கிடக்குது. தொடாம எப்படி அள்ளுவீங்க?”

இன்பவாணர் கண்ணைக் காட்ட, குழைக்காதர் துண்டை விரித்தார். சீனியம்மாள் அதை வாங்கி, மடித்து, அவர் தோளிலேயே போட்டாள். “வாயால சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்.”

கூரைக் கணக்கில் அவள் தர வேண்டிய ஏழு பணத்தைக் கழித்துக்கொள்ள அமைச்சர் அரும்பாடு பட்டார். அவள் இறங்கவில்லை. கடைசியில் எல்லோருக்கும் முழுத் தொகையையும் வருஷத்துக்குப் பன்னிரண்டு வீதம் திருப்புவதாக உரக்கச் சொன்னார். முதல் தவணையை அன்றே எண்ணி வைத்தார்கள். வண்டிகள் முத்திரையில்லாமல் உள்ளே போயின. அதற்குப் பிறகு, வருஷத்துக்கு இனி எத்தனை மாதம் என்று ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது.

அடுத்த தேர்தலில் இருவர் நிற்கிறார்கள். மக்களுக்குச் சேர வேண்டிய நிலுவையைப் பாதியாக்குவதாக இருவருமே வாக்களித்திருக்கிறார்கள். எல்லா வண்டிகளின் பக்கப் பலகையிலும் இப்போது சுண்ணாம்பால் கணக்கு எழுதியிருக்கிறது. மழை அழித்தால் மறுபடியும் எழுதுகிறார்கள். கோட்டை வாசலில் முதலில் நிற்கும் புளி வண்டியில் இருப்பது இது:

கட்டியது நூற்று முப்பத்திரண்டு.
திரும்பி வந்தது பன்னிரண்டு.
நிலுவை நூற்று இருபது.