விசுவாசத்துக்கு ஐந்துக்கு ஐந்து

மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கு, அதாவது என் அக்காவுக்கு,

தங்கள் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இறைவன் புண்ணியத்தில் இங்கு நானும் மனைவியும் பிள்ளைகளும் சுகம். தங்கள் மூட்டுவலியும், மடத்தில் உள்ள மற்ற சிஸ்டர்களின் பலவகை வலிகளும் குறைய வேண்டுமென்று தினமும் செபிக்கிறேன். தினமும் என்பதை எப்போதாவது என்று திருத்தி வாசிக்கவும். இன்று உண்மையை மட்டும் எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன், முதல் பாராவிலேயே சறுக்கக் கூடாது.

உங்களோடு மடத்தில் ஒன்றாகச் சேர்ந்தவர், நீங்கள் இன்றைக்கும் 'நெட்டை' என்று கூப்பிடுகிற அந்தச் சிஸ்டர், போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கு வந்து போனார். நடந்ததை அவர் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். "முதல்ல அக்காவுக்கு எழுதுங்க, அப்புறம் சாப்பிடலாம்" என்று உங்கள் தம்பி மனைவி தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

மறைமாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. கத்தோலிக்கப் பள்ளி என்ற முறையில் உங்கள் விசுவாச அடையாளம் எப்படி, பணிநோக்கம் எப்படி, எளியவரை எப்படி நடத்துகிறீர்கள், உங்களுக்கு நீங்களே ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஊரார் பிள்ளைகளுக்கு மார்க் போட்டே தலை நரைத்த எனக்கு இது ஒரு வேலையா என்று ஆசிரியர்களைக் கூட்டினேன். விசுவாச அடையாளம் என்றால் என்ன என்று கேட்டேன். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். கடைசியில் விளையாட்டு வாத்தியார், "கேட்டுல சிலுவை இருக்கே சார், அஞ்சு போட்டுடுங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, மூன்று போடலாமா என்றேன். உடனே ஆபீஸ் கிளார்க், "கொறைச்சுப் போட்டா காரணம் எழுதணுமாம் சார், அஞ்சு போட்டா ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றார். அதற்குப் பிறகு எல்லாம் ஐந்துதான். எல்லாமே ஐந்தாக இருந்தால் திமிராகத் தெரியுமே என்று தாழ்ச்சிக்கு மட்டும் நாலு போட்டேன். கணக்கு வாத்தியார் மட்டும், "செய்யாததுக்கு மார்க் போட்டா பசங்களை மட்டும் எப்படி சார் திட்டறது?" என்றார். அவர் நம் மதத்துக்காரர் இல்லை, அவருக்கு இதெல்லாம் புரியாது என்று விட்டுவிட்டேன்.

அக்கா, அதிக மார்க் வாங்கினால் மாதிரிப் பள்ளி என்று நேரில் பார்க்க வருவார்கள் என்பது அந்தத் தாளின் பின்பக்கம் இருந்தது. பின்பக்கம் யார் படிக்கிறார்கள்?

நெட்டைச் சிஸ்டரும் ஒரு இளம் ஃபாதரும் வருகிறார்கள் என்று தெரிந்ததும் பள்ளியே தலைகீழாக ஆனது. வகுப்புக்கு வகுப்பு சிலுவை மாட்ட வேண்டும். இருந்ததோ மொத்தம் மூன்று. விளையாட்டு வாத்தியார், "ஓட்டத்துக்கு நான் பொறுப்பு, நீங்க பேச்சுக்குப் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். அதாவது அவர்கள் ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அவர் அந்தச் சிலுவையைக் கழற்றிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கமாக ஓடி அடுத்த வகுப்பில் மாட்டுவார், அதுவரை நான் நடையில் நிறுத்தி ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். நான் கட்டடத்தின் வரலாற்றைச் சொன்னேன், குழாயின் வரலாற்றைச் சொன்னேன், ஆறாம் வகுப்பு வாசலில் சொல்ல வரலாறு தீர்ந்துபோய் மழையைப் பற்றிப் பேசினேன். உள்ளே போனதும் சிஸ்டர் சுவரையே பார்த்தார். "இந்த ஆண்டவருக்கும் இடது முட்டி உடைஞ்சிருக்கே தம்பி?" என்றார். ஜன்னலுக்கு வெளியே விளையாட்டு வாத்தியார் இரைக்க இரைக்க மூச்சு வாங்குவது எல்லோருக்கும் கேட்டது. அப்படியே பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. விழுங்கவில்லை, ஏனென்றால் இன்னும் சிற்றாலயம் பாக்கி இருந்தது.

உனக்குத் தெரியாததா, ஆண்டவரின் உடலான நற்கருணை அப்பம் பீடத்துப் பேழைக்குள் இருந்தால்தான் வெளியே சிவப்பு விளக்கு எரிய வேண்டும். (நீங்கள் என்று ஆரம்பித்தேன், நீ ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்.) எங்கள் சிற்றாலயத்தில் பூசை நின்று வெகுகாலம் ஆகிறது. நற்கருணையை எப்போதோ பங்குக் கோயிலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். பேழை காலி, விளக்கும் அணைந்துதான் கிடந்தது. இருட்டாக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று காலையில் நான்தான் சுவிட்சைப் போட்டேன். அவ்வளவுதான், ஒரு சுவிட்ச்.

சிஸ்டர் வாசலில் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். அந்த வயதில், அந்த உயரத்துக்கு, சுவரைப் பிடித்துப் பிடித்து இரண்டு முட்டியையும் தரையில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார். ஃபாதரும் முழங்காலிட்டார். ஆசிரியர்கள், முன்னால் உட்கார வைத்திருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், எல்லோரும். நானும் போட்டேன் அக்கா, காலிப் பெட்டிக்கு முன்னால் முட்டி போட்டேன். அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்திருங்க சிஸ்டர், உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு ஃபாதர் எழுந்து, "இவ்வளவு பிள்ளைங்க இருக்காங்க, நற்கருணை ஆசீர்வாதம் கொடுத்துடலாமே, பேழைச் சாவி எங்க?" என்றார். சாவி யாரிடம் இருந்தது என்பது இப்போது முக்கியமில்லை. பேழை திறந்தது. உள்ளே பாச்சை உருண்டை வாசனையோடு, நூல் கட்டி, அரக்கு வைத்த காகிதக் கட்டு. முன்வரிசையில் ஒரு பெண் எட்டி, கட்டின் மேல் எழுதியிருந்ததைப் படித்து, "ஐயோ சார், அது எங்க அரையாண்டு கணக்குப் பேப்பர்!" என்று கத்தினாள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஓடு பறந்திருக்கும்.

ஃபாதரின் முகம் சிவந்துவிட்டது. "யார் இதை இங்க வெச்சது?" என்றார். கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவர் முன்னால் வந்து, "நான்தான் ஃபாதர். பள்ளிக்கூடத்துல நல்ல பூட்டு இருக்கிறது இது ஒண்ணுதான். இதோட அர்த்தம் எனக்குத் தெரியாது, மன்னிக்கணும்" என்றார். சிஸ்டர், "சுவிட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டுத் தானே விளக்கை அணைத்தார். போகும்போது என் கையைப் பிடித்து, "உங்க அக்கா நல்லா இருக்காளா?" என்றார். அதற்கு இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

தாளாளர் ஃபாதர், அவர்தானே பள்ளிக்குப் பொறுப்பு, கணக்கு வாத்தியாரை வேலையிலிருந்து நிறுத்துவதாக இருக்கிறார். நடந்ததை எழுதிக் கொடு என்றார், கொடுத்துவிட்டேன். பாவம், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், இருந்தாலும் புனிதமான இடத்தில் ஒரு மனுஷன் இப்படியா செய்வது? அறியாமைக்கும் ஓர் அளவு வேண்டாமா? ஆகவே உன்னிடம் ஓர் உதவி. இது ஓர் ஆசிரியரின் அறியாமை மட்டுமே, பள்ளிக்கும் தலைமையாசிரியருக்கும் இதில் சம்பந்தமில்லை என்று அறிக்கையில் எழுதும்படி உன் தோழியிடம் ஒரு வார்த்தை சொல்லவும். நீ சொன்னால் தட்டமாட்டார்.

மடத்தில் அனைவருக்கும் என் வணக்கம். உங்கள் செபங்களில் இந்தத் தம்பியை மறக்க வேண்டாம், ஆள் அதற்கு லாயக்கில்லை என்றாலும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன், கிழிசலுக்கு மன்னிக்கவும். தபாலில் போடப் பள்ளிக்கு எடுத்து வந்தேன், இப்போது பள்ளி விட்டு எல்லோரும் போய்விட்டார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். என் கையில் உறையைப் பார்த்து, "தபாலாபீஸ் வழியாத்தான் சார் போறேன், கொடுங்க, போட்டுடறேன்" என்று கையை நீட்டினார். கொடுக்க முடியவில்லை அக்கா. ஸ்டாம்ப் ஒட்டலை என்று பொய் சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

மேலே அவரைப் பற்றி எழுதியதை நம்பாதே. பேழை காலி என்றதும் பொய், பேப்பர் கட்டை அதற்குள் வைத்தது நான். "அது சாமி பெட்டி சார், வேண்டாம் சார்" என்று அன்றைக்கே தடுத்தவர் அவர். அர்த்தம் தெரியாமல் இருந்தது எனக்குத்தான். தாளாளருக்கு எழுதிக் கொடுத்த பொய்யைத் திருப்பி வாங்க இப்போது கணக்கு வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். எதற்கென்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை, வழியில் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உன் தோழியிடம் நீ எதையும் கேட்க வேண்டாம், இந்தக் கடிதத்தை அப்படியே கொடுத்துவிடு, மார்க்கை அவரே போடட்டும்.

கதவுப் பக்கம் நின்று, "நேரமாச்சு சார், சாவியக் கொடுங்க, ஆபீஸைப் பூட்டிடறேன்" என்கிறார். கால்சட்டைப் பையிலிருந்து கொத்தை எடுத்துக் கொடுத்தேன். பேழைச் சாவியும் அதில்தான் தொங்குகிறது. அது அவருக்கு அன்றைக்கே தெரியும்.