மூன்றாவது சுற்றில் காணாமல் போன பிரேக்

பெண்டிகோ,
திங்கட்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மைத்துனர் ப்ரெண்டன் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவன் மால்கம் எழுதுவது. இங்கு நானும் தங்கள் அக்கா ரோஸ்லினும் உயிரோடு இருக்கிறோம். பிறர் இதை மரியாதைக்கு எழுதுவார்கள். நான் செய்தியாக எழுதுகிறேன். தாங்களும் தங்கள் நாயும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தவரைச் சுவரில் மோத அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்து டிவியில் ஃபுட்டி பந்தாட்டம் பார்ப்பவர்களுக்குச் சுகத்துக்கு என்ன குறை?

முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் கிறிஸ்துமஸ் விருந்தில் தாங்கள் இதை வேறு மாதிரி சொல்லிச் சிரிக்க வைப்பீர்கள். என் கல்யாணத்தன்று தாங்கள் மைக்கைப் பிடித்துப் பேசியதை நான் இன்னும் மறக்கவில்லை. வாரநாளில் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போய்வரும் அதே காரை மாதம் ஒருமுறை பந்தயத் தடத்துக்கு ஓட்டிப்போனேன், அவ்வளவுதான் நான் செய்த பாவம். முதல் நாளே முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது, பிரேக் பிடிப்பு குறைந்துகொண்டே போனது. மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன், நான் நியாயமான மனிதன். தாங்கள்தான், "மச்சான், கார்ல ஒரு குத்தமும் இல்ல, பிரேக் பேடை மாத்து" என்றீர்கள். மாற்றினேன். தடத்தில் அபாரமாகப் பிடித்தது. ஆனால் அந்தப் பேடுக்குச் சூடேறினால்தான் பல் முளைக்கும் என்று யாராவது சொன்னார்களா? நடுக்குளிர்கால ஜூலை மாதக் காலைப் பனியில் பள்ளி வாசலில் மிதிக்கிறேன், கார் தன்பாட்டுக்குப் போகிறது. பிள்ளைகளைச் சாலை கடக்கவிடும் அம்மாள் 'நில்' பலகையை எறிந்துவிட்டுப் புல்வெளிக்கு ஓடினார். ஒருவழியாகச் சூடேறிய பிறகோ கிறீச்சென்று ஒரு சத்தம், யூக்கலிப்டஸ் மரத்துக் காக்கட்டூக் கிளிகள் எல்லாம் பதில் குரல் கொடுக்கும். என்னைத் தாண்டி உடற்பயிற்சி வாத்தியாரை அறிவியல் துறைத் தலைவராக்கிய அதே பெண்மணி, எங்கள் தலைமையாசிரியை, "யாரோ ஒருவருடைய வாகனம்" என்று ஆசிரியர் கூட்டத்தில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அடுத்து பிரேக் ஆயில் கொதித்தது. அதையும் மாற்றினேன். அதோடு தடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, ப்ரெண்டன்! அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நீதான் பழைய கார் உடைக்கிற இடத்திலிருந்து டிக்கி நிறையப் பேடுகளைச் சக்கரத்தட்டில் அழுத்தும் பெரிய காலிப்பர்களைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். "நாலு பிஸ்டன் மச்சான்! இதப் போட்டா லாரியையே நிறுத்தலாம்!" எனக்கு லாரி கிடையாது என்று சொன்னது உன் காதில் விழவே இல்லை.

உன் கராஜில் ஒரு பகல் முழுக்க நான் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, நீ வெளியே படுத்துக்கொண்டு குழாயும் பாட்டிலுமாக பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுத்தாய். "மிதி!" "மிதிச்சிட்டேன்." "பிடி!" "பிடிச்சிட்டேன்." "விடு! என்னப்பா, கால்ல பலமே இல்லையா? அக்கா சோறு போடறதில்லையா?" பாட்டில் பாட்டிலாக ஆயில் போயிற்று. பிரேக் மிதி மட்டும் ஈர ரொட்டியை மிதிப்பது மாதிரியே இருந்தது. சொன்னேனா இல்லையா? "பெரிய காலிப்பர்னா முதல்ல அப்படித்தான், ரெண்டு சுத்து ஓடுனா இறுகிடும்" என்று பியரை உடைத்தாய்.

என்ன பணயத்தில் இருந்தது என்று உனக்கு நன்றாகத் தெரியும். பேடும் ஆயிலும் காலிப்பரும் பார்த்துப் பொறுமை இழந்த ரோஸ்லின் உன் முன்னால்தான் சொன்னாள்: "ஒரே ஒரு தடவை நான் பக்கத்துல உக்காந்து வரேன். நீ பயமில்லாமக் கொண்டாந்து விட்டேன்னா கார் இருக்கட்டும். இல்லன்னா அடுத்த வாரமே வித்துடணும்." எனக்கு மேலே யாரையும் உட்காரவைக்காத ஒரே இடம் இந்த உலகத்தில் அந்தக் காரின் ஓட்டுநர் இருக்கை. அதைத்தான் நீ ஈர ரொட்டியின் மேல் நிறுத்தினாய்.

ஞாயிறு காலை தடத்தில் பரிசோதகர் அடுத்த காரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நீ கையை உள்ளே விட்டு மிதியை நாலைந்து குத்துக் குத்தினாய். குத்தினால் கொஞ்ச நேரத்துக்கு விறைப்பாக நிற்கும் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. அவர் வந்து அழுத்திப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கே!" என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். அதைக் கேட்டு ரோஸ்லினும் நிம்மதியாக ஹெல்மெட் மாட்டிக்கொண்டாள். நீ "மத்தியானம் ஆட்டம் இருக்கு மச்சான்" என்று கிளம்பிவிட்டாய்.

முதல் சுற்று மெதுவாகப் போனேன். இரண்டாவதில், "நல்லாத்தான் ஓட்டுற" என்றாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை! அந்த வார்த்தைக்காக மூன்றாவது சுற்றில் கொஞ்சம் கூடவே விரட்டினேன். நேர்ப்பாதை முடிகிற இடத்தில் காலை வைத்தேன். இருட்டில் இல்லாத படியைத் தேடி இறங்குகிற கால் மாதிரி, மிதி நேரே போய்த் தரையில் உட்கார்ந்தது.

"மால்கம், பிரேக் போடு."

"போட்டுட்டேன்."

"எங்க போட்ட?"

மிதியைக் குத்துகிறேன், குத்துகிறேன், ஒன்றுமில்லை. மூன்றாம் கியருக்கு இறக்கினேன், இரண்டாவதுக்கு இறக்கினேன், என்ஜின் அலறுகிறது, எதிரே பழைய டயர் அடுக்கிய சுவர் வளர்ந்துகொண்டே வருகிறது. இன்னொரு குத்துக்குக் கொஞ்சம் பிடித்தது, கொஞ்சம்தான். திருப்பினால் கவிழும் என்று நேராகவே விட்டேன். சரளைக்கல்லில் இறங்கி, கல் வயிற்றில் அடிக்க, கண்ணாடியெல்லாம் புழுதியாகி, வண்டி பக்கவாட்டாகத் திரும்பி நின்றபோது, ரோஸ்லின் ஜன்னல் வழியே கை நீட்டினால் டயரைத் தொடலாம். அவள் தொட்டும் பார்த்தாள்.

கொடி காட்டுகிறவர் ஓடிவந்து, "ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்றார். "எனக்கு ஒண்ணுமில்ல. அவருக்கு மட்டும் கொஞ்ச நேரம் குடுங்க" என்றாள்.

சரளையில் மாட்டி இழுத்து வரப்படுகிறவனை வரிசையாக நின்று கைதட்டி வரவேற்பது அங்கே வழக்கம். தட்டினார்கள். காரிலிருந்து கல் உதிர உதிர, பட்டமளிப்பு விழா மாதிரி ஊர்ந்து போனேன்.

சக்கரத்தைக் கழற்றினோம். ரோஸ்லின் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். "காத்து வெளிய வர்ற நிப்பிள் இதுதானே? இது ஏன் தரையப் பாத்துட்டு இருக்கு? காத்து மேலதானே போகும்?"

இடது காலிப்பரை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாட்டியிருக்கிறாய், ப்ரெண்டன்! நாம் அடியில் ஆயிலை வடித்துக்கொண்டிருந்தோம், காற்று மேலே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. இருபது வருஷமாகப் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவன் நான் என்று நீ ஊரெல்லாம் சொல்லுவாய். சொல்லு. நான் உள்ளே மிதித்துக்கொண்டிருந்தேன், வெளியே படுத்திருந்தவன் நீ.

அங்கேயே இரண்டையும் இடம் மாற்றி, அவள் மிதிக்க நான் காற்று எடுத்தேன். இப்போது நிஜமாகவே கல். வீடு வந்து சேரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. தீர்ப்பு என்னவென்று யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. விற்பனை விளம்பரத்துக்குக் காரைக் கழுவிவிட்டேன். கழுவும்போது என் முகம் எப்படி இருந்தது என்று தங்களுக்கு எழுதப்போவதில்லை.

ஆகவே, இனி தங்கள் நிழல் என் கராஜில் விழ வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வேறு வீடு பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் கூரை ஒழுகாமலும், தங்கள் அணி கடைசி இடத்துக்கு வராமலும், தங்கள் நாய் தங்களைவிட அறிவோடும் நீடூழி வாழ வாழ்த்தும்,

மால்கம் ப்ரைடி

பின்குறிப்பு: உறையில் போடும் முன் ரோஸ்லின் படித்துவிட்டாள். வழியெல்லாம் பேசாமல் வந்தது பயத்தில் இல்லையாம், அந்த வளைவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாளாம். "நீ அங்க ரொம்ப முன்னாடியே பிரேக் பிடிக்கிற மால்கம். பிரேக்கே இல்லாம எவ்வளவு தூரம் போச்சு பாத்தியா?" என்கிறாள். கார் விற்பனைக்கு இல்லை. அடுத்த மாதத்துக்கு அவள் பேரைக் கொடுத்தாயிற்று, பக்கத்து இருக்கையில் நான். பின்சக்கரத்துக்கும் பெரிய காலிப்பர் வேண்டுமாம், உன்னைச் சனிக்கிழமை சாப்பிட வரச்சொன்னாள். கொஞ்சம் முன்னாலேயே வா. டிரைவிங் ஸ்கூல் கார்களில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் மிதி இருக்குமே, அது எங்காவது கிடைக்குமா பார். அவளிடம் சொல்லாதே.